கடல் கடந்த பொங்கல்



கருவடிக்குப்பத்தில் பொங்கல் நாள் காலை எவ்வாறு இருக்கும் என்பதை உங்களுக்கு நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை. உங்கள் ஊரிலும் அவ்வாறுதான் இருக்கும். வாசலில் கோலம், அதன் நடுவே அடுப்பு, அடுப்பின்மேல் மஞ்சள் கொத்துக் கட்டிய பானை, பக்கத்தில் சாய்த்து வைத்த இரண்டு கரும்பு. பால் பொங்கும்போது வீட்டிலுள்ளோர் அனைவரும் சூழ நிற்றல் வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். சென்ற பொங்கலன்று சூழ நின்றவர் இருவரே. ஒருவர் என் மனைவி, மற்றொருவன் நான்.

எங்கள் மகன் பிரான்சு நாட்டில் பணியாற்றுகின்றான். பானையை இறக்கி வைத்தபின் தொலைபேசியில் அவனை அழைத்தேன். நமக்குக் காலை பத்து மணி என்றால் அங்கே விடியற்காலை ஐந்தரை மணி. உறக்கம் கலையாத குரலில் அவன் சொன்னான்: “அப்பா, இன்று எங்களுக்கு வேலை நாள். ஞாயிற்றுக்கிழமையே பொங்கல் வைத்துவிட்டோம்.” எனக்குச் சினம் வந்தது. “நாள் தவறிய பொங்கல் ஒரு பொங்கலா? தை பிறப்பதற்கு முன்பே தைப்பொங்கலா?” என்று கடிந்துகொண்டேன். முப்பத்தைந்து ஆண்டு பிள்ளைகளைக் கடிந்து பழகிய நாக்கு அல்லவா? அவன் ஒன்றும் மறுமொழி சொல்லவில்லை. அந்த மௌனம் நெடுநாள் என் மனத்தை உறுத்திக்கொண்டிருந்தது.

வரலாற்று ஆசிரியனாக வாழ்ந்தவன் மனம் உறுத்தும்போது வேறு எங்கே போவான்? பழைய நூல்களிடத்தேதான் போவான். நம் புதுவையிலிருந்து கடல் கடந்து சென்றவர்கள் முன்னாளில் திருநாளை எவ்வாறு கொண்டாடினார்கள் என்று தேடிப் படிக்கலானேன். படித்ததில் சிலவற்றை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகளில் அடிமை முறை 1848ஆம் ஆண்டு ஒழிக்கப்பட்டது. இந்துமாக்கடலில் மடகாஸ்கருக்குக் கிழக்கே உள்ள ரெயூனியன் தீவில், அவ்வாண்டு டிசம்பர் 20ஆம் நாள் ஏறத்தாழ அறுபதாயிரம் பேர் விடுதலை பெற்றனர். மனித குலத்துக்கு அது நன்னாள். ஆனால் கரும்புத் தோட்டத்து முதலாளிகளுக்கு அது கவலை நாளாயிற்று. விடுதலை பெற்றவர்கள் பழைய தோட்டத்தில் பழைய எசமானனிடம் மீண்டும் வேலை செய்ய விரும்பவில்லை. கரும்பை நடவும் வெட்டவும் ஆள் வேண்டும். ஆளைத் தேடிய முதலாளிகளின் கண் புதுவை, காரைக்கால் துறைகளின்மேல் விழுந்தது.

இதற்கு முன்னோடியாக 1828ஆம் ஆண்டிலேயே ஏனாமிலிருந்து ஒரு சிறு கூட்டத்தார் அத்தீவுக்கு அனுப்பப்பட்டிருந்தனர். 1848க்குப் பின் அந்தச் சிற்றோடை ஆறாய்ப் பெருகியது. ரெயூனியன் தீவுக்கு மட்டும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் சென்றனர். அட்லாண்டிக் மாக்கடலுக்கு அப்பால், மேற்கிந்தியத் தீவுகளான மார்த்தினிக்குக்கு ஏறத்தாழ 25,000 பேரும், குவாதலூப்புக்கு ஏறத்தாழ 42,000 பேரும் சென்றனர். மார்த்தினிக்கில் முதற்கப்பல் 1853ஆம் ஆண்டு மே மாதம் சேர்ந்தது. அதன் பெயர் ‘ஒரேலி’. அதே கப்பல் அடுத்த ஆண்டு புதுவையிலிருந்து மற்றொரு கூட்டத்தாரை ஏற்றிச் சென்று, 1854ஆம் ஆண்டு டிசம்பர் இறுதியில், கிறிஸ்துமசுத் திருநாளை ஒட்டிக் குவாதலூப்பில் இறக்கியது. ஊரெல்லாம் திருநாள் கொண்டாடும் வேளையில், அதன் பொருள் அறியாத நம்மவர் அந்த மண்ணில் முதன்முதலாகக் கால் வைத்தனர். அவர்களுக்கு உரிய திருநாள் அதற்குப் பின் மூன்று வாரத்தில் வந்தது. அந்த முதற்பொங்கல் எவ்வாறு கழிந்திருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இவ்வாறு சென்றவர்கள் வெறுங்கையராய்ச் சென்றவர் அல்லர். ஒவ்வொருவருக்கும் ஓர் ஒப்பந்தம் உண்டு. ஐந்து ஆண்டு உழைப்பு; மாதக் கூலி; அரிசியும் உடையும்; நோயுற்றால் மருத்துவம்; காலம் முடிந்தபின் ஊர் திரும்பக் கப்பற்பயணம். இவையெல்லாம் அதில் எழுதப்பட்டிருக்கும். எழுதியதெல்லாம் கைக்கு வந்ததில்லை என்பது வேறு செய்தி. அவ்வொப்பந்தங்களில் மற்றொரு வரியும் இருந்தது. பொங்கல் திருநாளுக்கு நான்கு நாள் ஓய்வு தருதல் வேண்டும் என்பதே அது. பிரெஞ்சு எழுத்தர்கள் அச்சொல்லைத் தம் செவிக்கு எட்டியவாறு ‘பொங்கோல்’ என்று எழுதினர்.

மாணவர்களே, இந்த ஒரு வரியில் நாம் சற்று நிற்போம்.

ஓர் ஒப்பந்தத்தில் கூலி எழுதப்படுவது இயல்பு. உணவு எழுதப்படுவதும் இயல்பு. இவை இல்லாமல் உயிர் தரியாது. திருநாள் எவ்வாறு அதில் இடம் பெற்றது? இரு தரப்பிலும் காரணம் இருந்தது என்று கருதுகின்றேன். ரெயூனியனில் கரும்பு வெட்டும் காலம் பெரும்பாலும் ஜூலையில் தொடங்கி டிசம்பரில் முடியும். ஜனவரியில் ஆலைகள் ஓய்ந்து கிடக்கும். அப்போது நான்கு நாள் ஓய்வு தருவதால் முதலாளிக்குப் பேரிழப்பு இல்லை. மேற்கிந்தியத் தீவுகளிலோ நிலைமை நேர்மாறு. அங்கே கரும்பு வெட்டும் பருவம் தொடங்கும் காலமே அது. ஆயினும் அங்கும் பொங்கல் ஒப்பந்தத்தில் இடம்பெற்றது. முதலாளியின் வசதி ஒன்றையே காரணமாகச் சொன்னால் இது விளங்காது. ஆள் சேர்ப்பவர்கள் ஒன்றை நன்றாக அறிந்திருந்தனர். ‘அங்கே பொங்கல் உண்டா?’ என்று கேட்பவனை, ‘இல்லை’ என்ற விடையோடு கப்பலில் ஏற்ற முடியாது. எழுத்தறியாத உழவன் ஒருவன், கடன் நெருக்கி, பஞ்சம் துரத்தி, ஒப்பந்தத்துக்கு இசையும் நிலையிலும் திருநாளை விட்டுக்கொடுக்கவில்லை என்பதே அந்த வரியின் பொருள் என்று நான் கொள்கின்றேன்.

இனி, அந்த நான்கு நாளை அவர்கள் எவ்வாறு கொண்டாடினார்கள்?

முதலிற் கரும்பை எடுத்துக்கொள்வோம். நமக்குக் கரும்பு ஆண்டுக்கு ஒருமுறை கடைத்தெருவிலிருந்து தோளில் வருவது. வாசலில் நின்று அழகு செய்வது. பிள்ளைகள் கடித்துத் தின்பது. அவர்களுக்கோ கரும்பு ஆண்டு முழுதும் முதுகில் ஏறிய சுமை. அதன் தோகை அவர்கள் கையைக் கிழித்தது. இனிப்பு என்பது அவர்களுடைய வாழ்வில் கசப்பின் மறுபெயராயிற்று. அந்தக் கரும்பையே பொங்கலன்று அவர்கள் தெய்வத்தின் முன் வைத்தனர் என்றால், அது சிறிய செயல் அன்று. தம்மை ஆட்டி வைத்த பொருளை அன்று ஒரு நாள் தாம் ஆட்டி வைத்தனர்.

அடுத்து அரிசி. பொங்கல் புத்தரிசியின் விழா. தன் வயலில் தான் விளைத்த நெல்லை முதன்முதலாகக் குத்திப் பொங்குவதே அதன் கருத்து. தோட்டத் தொழிலாளிக்கு வயலும் இல்லை, நெல்லும் இல்லை. அவன் பொங்கியது தோட்டத்துக் கிடங்கில் அளந்து கொடுத்த படியரிசி. அது பெரும்பாலும் நம் நாட்டுத் துறைகளிலிருந்தே கப்பலேறிச் சென்றது. அறுவடை இல்லாத அறுவடைத் திருநாளை அவர்கள் கொண்டாடினர்.

பருவமும் மாறியது. இங்கே மார்கழிப் பனி விலகி இளவெயில் காயும் தை, ரெயூனியனில் கடுங்கோடை. புயல் வீசும் காலமும் அதுவே. கதிரவன் வடக்கே திரும்புகின்றான் என்று இங்கே நாம் மகிழ்கின்றோம். அங்கே வடக்கே திரும்பும் கதிரவன் அவர்களை விட்டு விலகிச் செல்கின்றான். ஆயினும் அவர்கள் அவனுக்கே பொங்கல் இட்டனர்.

நான்கு நாளும் ஆட்டமும் பாட்டும் உண்டு. தெருக்கூத்தின் வழியில் வந்த நாடகங்கள் இரவு முழுதும் நடந்தன. ‘நாடகம்’ என்ற சொல் அத்தீவின் கிரியோல் மொழியில் ‘நார்லகோன்’ என்று திரிந்து நெடுங்காலம் வழங்கியது. குரங்கு வேடமிட்டு ஆடும் ஆட்டமும் உண்டு. அதனை அத்தீவு மக்கள் ‘ஜாக்கோ’ என்று அழைத்தனர். அனுமனுக்கு நேர்ந்துகொண்டு ஆடும் ஆட்டத்தின் வழிவந்தது அது என்பர். ஆங்கிலப் புத்தாண்டு நாளில் அது தெருக்களில் ஆடப்பட்டது. ஒரு மக்களின் திருநாள் மற்றொரு மக்களின் திருநாளோடு கைகோத்துக்கொள்வதை இதில் காண்கின்றோம்.

மார்த்தினிக், குவாதலூப் தீவுகளில் வழிபாட்டில் நிலைத்த பெயர்களைக் கேளுங்கள். ‘மாலியெமேன்’ என்பது மாரியம்மன். ‘மல்தெவிலேன்’ என்பது மதுரைவீரன். ‘நகூர்மிரா’ என்பது யார்? நாகூர் ஆண்டவராகிய சாகுல் அமீது மீரானே. கடற்பயணத்தில் காப்பவர் என்று காரைக்கால், நாகைக் கடற்கரையார் எல்லாச் சமயத்தவரும் வேண்டிக்கொண்டவர் அவர். மூன்று மாதம் கப்பலில் அலைப்புண்டு கரை சேர்ந்தவர்கள், மாரியம்மனுக்குப் பக்கத்தில் நாகூராருக்கும் ஒரு கொடி நாட்டினர். புயல் வீசும் கப்பலில் சமய வேற்றுமை பார்க்க நேரமில்லை. கரையேறிய பின்னரும் அவர்கள் அதனை மறவாதிருந்தது போற்றத்தக்கது.

ஒப்பந்த முறையில் நடந்த கொடுமைகள் பல. ரெயூனியனில் நம்மவர் நிலையை ஆராய 1877ஆம் ஆண்டு ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் சேர்ந்த ஆணையம் ஒன்று அமர்ந்தது. 1882ஆம் ஆண்டு ஆங்கில அரசு அத்தீவுக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தியது. 1888ஆம் ஆண்டு மேற்கிந்தியப் பிரெஞ்சுத் தீவுகளுக்கு அனுப்புவதும் நின்றது. ஊர் திரும்பினோர் சிலர். அங்கேயே தங்கிவிட்டோர் பலர். தங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் தமிழ் பேசும் ஆற்றலை இழந்தனர். ஆயினும் அவர்களுடைய பூசாரிகள் பொருள் அறியாமலே தமிழ்ப் பாடல்களைப் பாடி வந்தனர். குவாதலூப்பில் பிறந்த நம்மவருக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்று, புதுவை வழிவந்த ஆன்றி சிதம்பரம் என்பவர் 1904 முதல் வழக்காடினார். 1923இல் வெற்றி கண்டார். மொழி போயிற்று; சிதம்பரம் என்ற பெயர் போகவில்லை. மொழி போன வீட்டிலும் திருநாள் தங்கியிருந்தது. இன்று ரெயூனியனில் சேந்த் ஆந்த்ரே நகரத்துத் தீபாவளி, எல்லா இனத்தவரும் கூடும் நகர்விழாவாக நடைபெறுகின்றது.

இதுகாறும் வறுமையால் சென்றவர்களைப் பற்றிச் சொன்னேன். இனி, கல்வியின் பொருட்டுச் சென்ற சிலரைப் பற்றியும் சொல்லுதல் வேண்டும். அவர்களில் ஒருவர் பின்னர் நம் புதுவைக்கே வந்து சேர்ந்தவர். திருச்சியை அடுத்த வரகனேரியில் 1881இல் பிறந்த வ. வே. சு. ஐயரே அவர். 1907ஆம் ஆண்டு சட்டம் பயில இலண்டன் சென்றார். மருத்துவம் பயின்ற தி. சே. சௌ. ராஜன் என்பவரும் அங்கே இருந்தார். இவர் திருவரங்கத்தைச் சேர்ந்தவர். பிற்காலத்தில் 1937இல் சென்னை மாகாண அமைச்சரானவர்.

1909ஆம் ஆண்டு இலண்டனில் இந்திய மாணவருக்குக் கடினமான ஆண்டு. ஜூலை முதல் நாள் மதன்லால் திங்கரா என்ற மாணவர் ஆங்கில அதிகாரி ஒருவரைச் சுட்டுக்கொன்றார். ஆகஸ்டு 17இல் தூக்கிலிடப்பட்டார். அதன் பின்னர் இந்திய மாணவர் ஒவ்வொருவர்மேலும் ஐயக்கண் விழுந்தது. ஒற்றர்கள் பின்தொடர்ந்தனர். தாய்நாடும் தொலைவில், இருந்த நாடும் பகை. அந்த ஆண்டு அக்டோபர் 24ஆம் நாள் அவர்கள் கூடி விசயதசமி கொண்டாட முடிவு செய்தனர். தலைமை தாங்க ஒருவரை அழைத்தனர். தென்னாப்பிரிக்க இந்தியரின் குறைகளை எடுத்துரைக்க அப்போது இலண்டன் வந்திருந்த காந்தியே அவர். அரசியல் சர்ச்சை கூடாது, உணவு மரக்கறியாய் இருத்தல் வேண்டும் என்ற கட்டுப்பாட்டின்பேரில் அவர் இசைந்தார். அன்று பேசிய மற்றொருவர் சாவர்க்கர். இருவரும் கொள்கையால் இரு துருவங்கள்.

விருந்தை மாணவர்களே சமைத்தனர். ராஜனும் சமையற்காரருள் ஒருவர். அப்போது மெலிந்த உருவினர் ஒருவர் வந்து, ஒன்றும் பேசாமல் பாத்திரம் கழுவுவதிலும் காய்கறி திருத்துவதிலும் ஈடுபட்டார். யாரோ உதவிக்கு வந்தவர் என்று எண்ணி அவருக்கு வேலை கொடுத்துக்கொண்டே இருந்தனர். அவரே அன்றைய தலைவர் காந்தி என்பது பின்னரே தெரிந்தது. ராஜன் பிற்காலத்தில் இதனை வியந்து நினைவுகூர்ந்திருக்கின்றார்.

இந்நிகழ்ச்சியைக் காந்தியின் எளிமைக்கு எடுத்துக்காட்டாகவே பலரும் சொல்வர். எனக்கு அதில் வேறொன்றும் தோன்றுகின்றது. ஊரில் விசயதசமி என்றால் தாயார் சமைப்பார், தமக்கை பரிமாறுவார், பிள்ளை உட்கார்ந்து உண்பான். இலண்டனில் தாயாரும் இல்லை, தமக்கையும் இல்லை. ஆகவே, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த பிள்ளைகள் எழுந்து அடுப்பை மூட்டினர். உறவினர் இல்லாத இடத்தில் ஒருவருக்கொருவர் உறவினர் ஆயினர். எதிரெதிர்க் கொள்கை உடையோரும் ஒரே பந்தியில் உண்டனர். ஊரிலேயே இருந்திருந்தால் இவர்கள் ஒரே பந்தியில் அமர்ந்திருப்பார்களா என்பது ஐயமே.

ஐயர் 1910ஆம் ஆண்டு மாறுவேடத்தில் ஐரோப்பாவை விட்டுத் தப்பி, அக்டோபரில் புதுவை வந்து சேர்ந்தார். பாரதியார் 1908லேயே இங்கு வந்துவிட்டிருந்தார். அரவிந்தர் 1910 ஏப்ரலில் வந்திருந்தார். இந்தப் பெரியோர்களுக்குப் புதுவை தாய்நாடா, அயல்நாடா? பேசும் மொழி தமிழ். கடைத்தெருவில் விற்பது நம் கத்தரிக்காய். வாசலில் இடுவது நம் கோலம். ஆயினும் சட்டப்படி அது பிரெஞ்சு நாடு. எங்கள் கருவடிக்குப்பத்திலிருந்து நடந்து சென்றால் ஆங்கில எல்லை வந்துவிடும். அதில் கால் வைத்தால் கைது. கடலூர் இருபது கிலோமீட்டர்த் தொலைவே. பாரதியார் பத்து ஆண்டுக்குப் பின், 1918 நவம்பரில் எல்லை கடந்தபோது கடலூருக்கு அருகில் கைது செய்யப்பட்டார். மார்த்தினிக்குக்குப் போனவனைப் பிரித்தது மாக்கடல். இவர்களைப் பிரித்தது ஒரு கோடு. ஆனால் தீபாவளியன்று பெற்றோர் காலில் விழுந்து வணங்க முடியாத துயரம் இருவருக்கும் ஒன்றே.

பாரதியாரின் ‘குயில் பாட்டு’ பிறந்த மாந்தோப்பு எங்கள் ஊரினது என்பது புதுவையார் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. எங்கள் ஊரில் உள்ள சித்தானந்தர் சமாதிக் கோயிலையும் அவர் பாடியிருக்கின்றார். சிறு வயதில் அந்தக் கோயிலுக்குப் போகும்போதெல்லாம், ஒரு பெருங்கவிஞர் இங்கே உலாவினார் என்ற பெருமையே எனக்கு இருந்தது. அவர் வேறெங்கும் போக முடியாதவராய் இங்கே உலாவினார் என்பது வயது முதிர்ந்த பின்னரே எனக்கு உறைத்தது.

என் வாழ்விலும் இதற்கு ஒரு சிறு நிகழ்ச்சி உண்டு. முப்பது ஆண்டுகளுக்கு முன் எனக்கு ஏனாமுக்கு மாற்றலாயிற்று. அதுவும் நம் புதுச்சேரி ஆட்சிப்பகுதியே. ஆயினும் எண்ணூறு கிலோமீட்டருக்கு அப்பால், கோதாவரிக் கரையில், தெலுங்கு பேசும் ஊர். மனைவியும் மகனும் கருவடிக்குப்பத்தில் இருந்தனர். பொங்கலுக்கு ஊர் வர இயலவில்லை. ஒரு வேளை சோறு வாங்கி உண்டுவிட்டு உறங்கிவிடலாம் என்று அறைக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

சற்று நேரத்தில் கதவு தட்டப்பட்டது. வீட்டுக்கார அம்மையார் ஒரு தட்டு நிறைய அரிசெலு கொண்டுவந்து நின்றார். அது நம் அதிரசத்தின் உடன்பிறப்பு. அவருக்குத் தமிழ் தெரியாது. எனக்கு அப்போது தெலுங்கு அரைகுறை. “மாஸ்டாரு, பண்டிகை நாளில் கதவு சாத்தலாமா?” என்பதே அவர் சொன்னதன் பொருள் என்று அறிந்துகொண்டேன். வெட்கப்பட்டு எழுந்தேன். மண்ணெண்ணெய் அடுப்பில், அவர் கொடுத்த வெல்லத்தில், எனக்குத் தெரிந்தவாறு ஒரு பொங்கல் வைத்தேன். அடியில் பிடித்துக் கருகிவிட்டது. தெருப் பிள்ளைகள் அதையும் சுவைத்துச் சிரித்தனர். அந்தக் கருகிய பொங்கலின் மணம் இன்றும் என் நினைவில் உண்டு. ஊரில் நான் உண்ட எத்தனையோ நல்ல பொங்கல்களை மறந்துவிட்டேன்.

இதனை எண்ணியபோதுதான் என் மகனிடம் நான் சொன்ன சொல் எத்தனை கொடிது என்பது விளங்கியது. படியரிசியில் பொங்கியவனுடைய பொங்கலும் பொங்கலே. ஆங்கிலப் புத்தாண்டில் ஆடியவனுடைய ஆட்டமும் ஆட்டமே. மண்ணெண்ணெய் அடுப்பில் கருகவிட்ட என் பொங்கலும் பொங்கல் என்றால், ஞாயிற்றுக்கிழமை வைத்த அவன் பொங்கல் மட்டும் எவ்வாறு குறைவாகும்? பின்னொரு நாள் அவனிடம் அந்தப் பொங்கலைப் பற்றிக் கேட்டேன். பாரிசு நகரில் லா சப்பேல் என்னும் பகுதியில் தமிழர் கடைகள் நிறைந்த தெரு ஒன்று உண்டு. அங்கே போய் மஞ்சள் கொத்தும் கரும்பும் வாங்கி வந்தார்களாம். யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்றும், காரைக்கால் மாணவர் இருவரும், அவனோடு பணியாற்றும் பிரெஞ்சு நண்பர் ஒருவரும் வந்திருந்தார்களாம். பால் பொங்கியபோது ஏழு பேர் சூழ நின்றார்களாம். என் வாசலில் நின்றவர் இருவர். அவன் வீட்டில் நின்றவர் ஏழு பேர். யாருடைய பொங்கல் நிறைவானது?

ஓர் ஒப்பந்தத்தின் மூலையில் நான்கு நாளாக எழுதப்பட்ட திருநாள், இன்று உலக மன்றங்களில் மதிப்புப் பெற்றிருக்கின்றது. ஈழத்திலிருந்து போரினால் துரத்தப்பட்ட தமிழர் பெருந்தொகையாய் வாழும் கனடா நாட்டில், பொங்கல் வரும் ஜனவரி மாதத்தைத் தமிழ் மரபுத் திங்களாகப் போற்ற அந்நாட்டு நாடாளுமன்றம் 2016ஆம் ஆண்டு தீர்மானம் நிறைவேற்றியது. இது யாரோ ஒருவர் இரங்கிக் கொடுத்த கொடை அன்று. தொலைவில் இருந்தோர் விடாமல் கொண்டாடி வந்ததன் பயன்.

மாணவச் செல்வங்களே, இறுதியாக ஒரு செய்தி. முன்னாளில் ஆளை அனுப்பிய ஊராக இருந்த நம் ஊர், இந்நாளில் ஆளை வரவேற்கும் ஊராகவும் ஆகியிருக்கின்றது. எங்கள் தெருவில் இப்போது ஒரு மாடி வீடு எழும்புகின்றது. அதற்குக் கல் சுமப்போர் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த இளைஞர்கள். தகரக் கொட்டகையில் தங்கியிருக்கின்றனர். அவர்களுக்கும் தாயார் உண்டு, திருநாளும் உண்டு. ஆனால் அவர்களுடைய வேலைச் சீட்டில் ‘இந்தத் திருநாளுக்கு நான்கு நாள்’ என்று எழுதியவர் யாரும் இருப்பதாகத் தெரியவில்லை. நூற்றெழுபது ஆண்டுக்கு முன் நம்மவர் கேட்டுப் பெற்றதை இவர்கள் கேட்கவும் அறியார்.

சென்ற தீபாவளியன்று நானும் என் மனைவியும் ஒரு தட்டில் அதிரசமும் முறுக்கும் எடுத்துக்கொண்டு அந்தக் கொட்டகைக்குப் போனோம். அவர்கள் மொழி எங்களுக்குத் தெரியாது. ஏனாம் அம்மையாருக்கும் என் மொழி தெரியாதல்லவா? அவர்களுள் ஒருவன், இருபது வயதும் நிரம்பாதவன், தட்டை வாங்கிக்கொண்டு சட்டென்று குனிந்து என் மனைவியின் காலைத் தொட்டான். அவள் திரும்பி வரும்வரை ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும், “பாரிசுக்கு ஒரு தடவை பேசுங்கள்” என்றாள். பேசினேன். “அடுத்த பொங்கலை எந்த ஞாயிற்றுக்கிழமை வைக்கப்போகின்றாய்? சொல், அன்றே நாங்களும் இங்கே வைக்கின்றோம்” என்றேன்.

இம்முறை எங்கள் வாசலில் பொங்கல் இரண்டு நாள். ஒன்று தை முதல் நாள். மற்றொன்று அதற்கு முன் வரும் ஞாயிறு. அந்த ஞாயிற்றுக்கிழமை கொட்டகைப் பிள்ளைகளையும் அழைத்திருக்கின்றோம். அவர்களுக்கும் அன்று ஓய்வு நாள்.